ஆண்டு இறுதி மடலில் குடும்பச் செய்தி போடலாமா?

மடல்குழு
தொடக்கப் பள்ளியின் ஆண்டு இறுதி மடல் தயாராகிறது. ஏ5 அளவு, எட்டுப் பக்கம். விழாக்கள், ஆசிரியர் மாற்றம், அடுத்த ஆண்டுத் தேதிகள் எல்லாம் வந்தாயிற்று. மிச்சம் ஒரு பக்கம். அதில் 'நம் குடும்பங்கள்' என்று போட்டு, பிறந்த தம்பி தங்கைகள், ஊர் மாறிப் போகிறவர்கள், இந்த ஆண்டு மறைந்தவர்கள் பற்றி எழுதலாம் என்கிறது ஒரு தரப்பு. பள்ளிக்கு எதற்கு இந்த வேலை என்கிறது இன்னொரு தரப்பு. போடுவதென்றால் எப்படிச் சேகரிப்பது, எங்கே சறுக்கும்?

ஒற்றுப்பிழை
வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கொடுத்த விவரம் சேர்க்கைக்காகக் கொடுத்தது. அதை எடுத்து மடலில் போட யாருக்கும் உரிமை கிடையாது. 'ஊர் மாறுகிறார்கள்' என்ற ஒரு வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவருக்குத் தெரியக் கூடாதென்று நீதிமன்றமே சொல்லியிருக்கும் முகவரிக்குப் பாதி வழியை நீங்கள் காட்டிக் கொடுத்துவிடுவீர்கள். பிள்ளை பெயர், புதிய ஊர், புதிய பள்ளி மூன்றும் ஒரே வரியில் இருந்தால் தேடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாம்வகுப்பு
ஒற்றுப்பிழை சொல்வது சேகரிக்கும் முறையில் உள்ள கோளாறு. அதற்காகப் பக்கத்தையே தூக்க வேண்டியதில்லை. பதிவேட்டிலிருந்து ஒரு எழுத்துகூட எடுக்கக் கூடாது, சரி. சீட்டு மூலம் வாங்குங்கள். ஏ4 தாளில் பாதி போதும். பிள்ளையின் பெயர் (அச்சில் எப்படி வர வேண்டுமோ அப்படியே), வகுப்பு, பிரிவு, செய்தி 25 சொல்லுக்குள், 'தாளில் மட்டும்' அல்லது 'தாளிலும் பிடிஎஃப்பிலும்' என்று இரண்டு கட்டம், கையெழுத்து, தேதி. அச்சுக்குப் போவதற்கு 15 நாள் முன்பே கடைசி நாள் வைத்துவிடுங்கள். சீட்டு வராவிட்டால் செய்தி இல்லை. பதில் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஊர் மாறுகிறவர்களுக்கு 'விடைபெறுகிறார்' என்பதோடு நிறுத்துங்கள், ஊரும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம்.

இந்தப் பக்கம் ஏன் வேண்டும் என்றால், ஒரு பிள்ளையின் அப்பா இறந்தது பக்கத்துப் பிரிவுப் பெற்றோருக்குத் தெரியாது. திறப்பு நாளன்று வாசலில் நின்று "அப்பா வரலையா கண்ணு?" என்று கேட்பார்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒற்றுப்பிழை
டீச்சர், சீட்டு வைத்தால் எழுதித் தருகிறவர்கள் எப்போதும் அதே சில குடும்பங்கள்தான். படிக்கத் தெரியாத வீட்டிலிருந்தோ, இரவு வேலைக்குப் போகிறவர் வீட்டிலிருந்தோ சீட்டு வராது. கடைசியில் 'நம் குடும்பங்கள்' என்ற தலைப்பின் கீழ் பெற்றோர் சங்கப் பொறுப்பாளர் வீட்டுச் செய்திகள்தான் நிற்கும். எல்லாரையும் சேர்க்க முடியாத பக்கத்துக்கு அந்தத் தலைப்பே பொய்.

இறப்புச் செய்தி பற்றியும் சொல்கிறேன். மடலை வகுப்பில் கொடுத்த மறுநிமிடம் பிள்ளைகள் புரட்டிப் படிக்க ஆரம்பித்துவிடும். அப்பாவை இழந்த பிள்ளை தன் வீட்டுச் செய்தியை நாற்பது பேர் நடுவில் பார்க்க வேண்டுமா?

மூன்றாம்வகுப்பு
அதனால்தான் காலையில் கொடுக்கக் கூடாது. கடைசி மணி அடிக்கும்போது பையில் வையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் முந்தின நாளே ஒரு படி போகட்டும். மறைந்தவர் பெயர், பிள்ளைக்கு என்ன உறவு, எந்த மாதம், இவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டாம், பிள்ளையின் படம் வேண்டாம், பிறப்புச் செய்திக்கு அடுத்த வரியிலும் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் வாசகத்தைப் போனில் வாசித்துக் காட்டிவிடுங்கள். இனிஷியல் மாறினால் அந்த வீட்டில் அது ஆறாது. படிக்கத் தெரியாத பெற்றோருக்குச் சீட்டை வகுப்பாசிரியரே வாயால் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

மையும்தாளும்
சண்டைக்கு நடுவில் அச்சுக் கணக்கு. ஒரு ஏ4 தாளை மடித்தால் நான்கு ஏ5 பக்கம். எட்டுப் பக்கத்துக்கு இரண்டு தாள். ஒன்பதாம் பக்கம் என்று ஒன்று கிடையாது, அடுத்தது பன்னிரண்டுதான். வெளித்தாளின் முன்புறம் 8, 1; பின்புறம் 2, 7. உள்தாளில் 6, 3. பின்புறம் 4, 5. இருபுறமும் அடிக்கும்போது குறுகிய ஓரமாகத் திருப்பும்படி அமைப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு படி அடித்து மடித்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டுத் தேதிகள் எட்டாம் பக்கத்துக்குப் போகட்டும். வீட்டில் அதைத்தான் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். அதன் பின்புறம் ஏழாம் பக்கம் என்பதால் குடும்பச் செய்தியை அங்கே வைத்தால் சுவரோடு போய்விடும். தேதியோடு கிழமையும் எழுதுங்கள், ஆனால் அடுத்த ஆண்டு நாட்காட்டியைப் பார்த்து எழுதுங்கள். போன ஆண்டுக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் கிழமையை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு அலுவலகப் போன் ஓயாது. வகுப்பாசிரியர் பெயர்களும் அப்படித்தான், உத்தரவு கைக்கு வராமல் 'இரண்டாம் வகுப்புக்கு இன்னார்' என்று போடாதீர்கள்.

மடல்குழு
குடும்பச் செய்தியை மட்டும் தனித் துண்டுத்தாளாக உள்ளே செருகிவிட்டு, பிடிஎஃப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டால்?

மையும்தாளும்
தாராளமாகச் செய்யலாம். எட்டுப் பக்கக் கணக்கும் கெடாது, துண்டுத்தாள் தாமதமானால் மடல் காத்திருக்கவும் வேண்டாம். காலியாகும் பக்கத்தில் காணாமல் போன பொருட்களின் பட்டியல் போடுங்கள்; தண்ணீர் பாட்டிலும் ஸ்வெட்டரும் ஒரு மூட்டை தேறும்.

ஒற்றுப்பிழை
துண்டுத்தாளைப் போனில் படம் பிடித்து குரூப்பில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

கணினிஅறை
ஒற்றுப்பிழை பக்கம்தான் நான். ஆனால் நீங்கள் எல்லாரும் எழுத்தையே பார்க்கிறீர்கள், படங்களில்தான் அதிகம் கசியும். வகுப்பறைப் படம் எடுத்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறோம், பின்னால் சுவரைப் பார்ப்பதில்லை. மதிப்பெண் பட்டியல், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற தாள், பெற்றோர் போன் எண்கள் எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு படத்தையும் திரை முழுக்கப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். படத்தின் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர் வரிசை வேண்டாம்.

சிலர் பிடிஎஃப்பில் பெயரை மறைக்க மேலே கறுப்புக் கட்டம் வைத்துவிடுகிறார்கள். அடியில் எழுத்து அப்படியே இருக்கும். இழுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வந்து நிற்கும். மூலக் கோப்பிலேயே அழித்துவிட்டுப் புதிதாக பிடிஎஃப் எடுங்கள்.

தரம் குறையாமல் இருக்கட்டும் என்று பெற்றோர் படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புவார்கள். அச்சுக்கு அதுதான் நல்லது. ஆனால் எடுத்த இடத்தின் விவரம் போனில் பதிவாகியிருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். அந்தக் கோப்பை அப்படியே வேறு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.

மையும்தாளும்
படத்துக்கு இன்னொன்று. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1200 புள்ளி அகலமுள்ள படம் நான்கு அங்குலத்துக்கு நன்றாக வரும், சுமார் பத்து சென்டிமீட்டர். கறுப்பு வெள்ளையில் நகலெடுப்பதானால் முன்னமே வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஜன்னலுக்கு முன் நின்ற முகமெல்லாம் வெறும் கறுப்பாகிவிடும்.

மூன்றாம்வகுப்பு
படத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அதனால் படத்தை யாராவது நிறுத்தினோமா? சரிபார்த்துப் போடுகிறோம். குடும்பச் செய்திக்கு மட்டும் ஏன் முழுத் தடை?

ஒற்றுப்பிழை
படம் பள்ளியில் நடந்ததைக் காட்டுகிறது. பிறப்பும் இறப்பும் வீட்டில் நடந்தவை. அடுத்த வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டுமா? வகுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் எழுதுங்கள். மற்ற பெற்றோருக்குத் தெரிய வேண்டுமா? அதை அந்த வீட்டார் சொல்லட்டும்.

மூன்றாம்வகுப்பு
சொல்ல வாய் வராமல்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

மடல்குழு
துண்டுத்தாள், சீட்டு இரண்டையும் குழுவில் வைக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். மடலைக் குடும்பத்துக்கு ஒரு படி என்று எப்படிக் கொடுப்பது? தாய் கையெழுத்துப் போட்டு, தந்தை வேண்டாம் என்றால்?

கணினிஅறை
பள்ளியில் படிக்கும் கடைசிப் பிள்ளையிடம் கொடுங்கள். மூத்த பிள்ளை என்று பட்டியல் போட்டால் அது வெளியேறும் ஆண்டில் மாற்ற வேண்டும். கடைசிப் பிள்ளை என்றால் புதிய தம்பி தங்கை சேரும்போது மட்டும் மாறும். அன்று வராத பிள்ளையின் படியில் பெயர் எழுதி அலுவலகத்தில் வையுங்கள். இரண்டு வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டு படி. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதீர்கள், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும்.

ஒற்றுப்பிழை
இரண்டாவதற்கு: ஒருவர் மறுத்தாலும் போடாதீர்கள், ஏன் போடவில்லை என்று மற்றவரிடம் விளக்கவும் போகாதீர்கள்.

மூன்றாம்வகுப்பு
இதில் நானும் ஒற்றுப்பிழை சார் கட்சி. சீட்டைக் கிழித்துவிடாமல் கோப்பில் வையுங்கள்.