அம்மாவின் 1,320 ரூபாய் பென்ஷன்: பார்லிமெண்டில் கேள்வி கேட்டால் ஏதாவது நடக்குமா?

தாசரஹள்ளிக்காரன்

எங்கள் அம்மா பெங்களூரு பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லராக இருந்து 2019-இல் 58 வயதில் நின்றார். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,320 ரூபாய். தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் சரியாக வருகிறது. சராசரி சம்பளம் 7,700, சர்வீஸ் 12 வருஷம், பெருக்கி 70-ஆல் வகுத்தால் அதே 1,320. அதற்கு முன்னால் வேறொரு ஃபேக்டரியில் எட்டு வருஷம் இருந்தார், நின்றபோது பணத்தை எடுத்து என் ஸ்கூல் ஃபீஸ் கட்டினார், அது கணக்கில் வராது.

2019-இல் என்ன வந்ததோ அதேதான் இன்றும் வருகிறது, ஒரு பைசா ஏறவில்லை. 2025-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால்கூட ஜனவரியில் பிஎம்டிசி பஸ் டிக்கெட் 15 சதவீதம், பிப்ரவரியில் மெட்ரோ, ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய், அதே மாதம் சிலிண்டர் 50 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போனது. பஸ் அம்மாவுக்கு சக்தி திட்டத்தில் இலவசம், அது ஒன்றுதான் ஆறுதல். மாநில அரசு குடும்பத் தலைவிக்குக் கொடுக்கும் கிருஹலக்ஷ்மி பணம் வந்தால் மாதம் 2,000. ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் கிண்டல் செய்கிற பணம் 2,000, பன்னிரண்டு வருஷம் மெஷினில் குனிந்து சம்பாதித்தது 1,320.

பக்கத்து வீட்டு மாமா, எம்பிக்கு எழுது, பார்லிமெண்டில் கேள்வி எழுப்பச் சொல் என்கிறார். அதனால் உண்மையிலேயே ஏதாவது ஆகுமா, இல்லை வெறும் காகிதம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர்_அத்தை

மாநில அரசின் முதியோர் பென்ஷன், அதுதான் சந்தியா சுரக்ஷா, அதற்கு எழுதிப் போட்டீர்களா? 65 ஆனால் மாதம் 1,200 வருமே.

பழைய_ஃபைல்

அத்தை, வேறு எந்த பென்ஷன் வாங்கினாலும் சந்தியா சுரக்ஷா கிடையாது. ஆக பி.எஃப். பக்கமே போகாத ஏழைக்கு 1,200, பன்னிரண்டு வருஷம் பிடித்தம் போன இந்த அம்மாவுக்கு 1,320. வித்தியாசம் 120 ரூபாய், உழைத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா தெரியவில்லை. தாசரஹள்ளி பெங்களூரு வடக்குத் தொகுதியில் வருகிறது, உங்கள் எம்பி ஷோபா கரந்தலாஜே. 2024 ஜூனில் இருந்து மத்தியத் தொழிலாளர் துறை இணை அமைச்சரும் அவர்தான். அமைச்சர் சபையில் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவர். அதனால் நீங்கள் அவருக்கு எழுதினால் அது மனுவாகப் போகும், கேள்வியாக மாறாது. மனுவும் வீண் இல்லை, எப்படியும் ஃபைல் போய்ச் சேர வேண்டிய இடம் அதே துறைதான். கேள்வியாகவே வர வேண்டுமென்றால் வேறொரு எம்பியைப் பிடியுங்கள், ராஜ்யசபா ஆள் ஆனாலும் சரி.

நான் டெல்லியில் ஒரு அமைச்சகத்தில், இந்தத் துறை இல்லை, பார்லிமெண்ட் செக்‌ஷனில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவன். லோக்சபாவில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாதது 230, எல்லாம் குலுக்கல்தான். நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து நின்று சொல்ல வேண்டும், துணைக் கேள்வி வரும், முகம் தெரியும். மற்றதெல்லாம் எழுத்தில் மேஜைக்கு வந்துவிடும். இந்த இபிஎஸ், அதாவது பி.எஃப். பென்ஷன் திட்டம் பற்றிய கேள்வி ஓயாமல் வருகிறது, பதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாளி 8.33 சதவீதம் கட்டுகிறார், அரசு 1.16 சதவீதம் கட்டுகிறது, வருஷா வருஷம் நிதியை மதிப்பிடுகிறோம், பற்றாக்குறை இருக்கிறது, இருந்தும் குறைந்தபட்சம் 1,000 ரூபாயை பட்ஜெட்டில் இருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் செக்‌ஷனில் இந்த மாதிரி வேலைக்கு "போன தடவை பதிலை எடு, தேதியை மாற்று" என்பதுதான் உத்தரவு.

இதில் வெளியாள் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அமைச்சர் "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அது வாக்குறுதி என்று பதிவாகும். அரசு வாக்குறுதிகளுக்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்று, இல்லாவிட்டால் காரணம் சொல் என்று துரத்தும். அந்தக் கமிட்டியின் பட்டியலில் இன்னின்ன வாசகம் வந்தால் வாக்குறுதி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் பதில் எழுதுகிற குமாஸ்தா முதல் செயலர் வரை எல்லோரும் அந்தச் சொல்லைத் தொடாமல் எழுதப் பழகியிருக்கிறோம். "அப்படி ஒரு யோசனை இல்லை" என்று முடித்தால் யாரும் துரத்த முடியாது. ஆகவே கேள்வி கேட்கச் சொல்லும்போது உயர்த்துவீர்களா என்று கேட்கச் சொல்லாதீர்கள், அதற்கு இல்லை என்று ஒரு வரி போதும். கடைசி மதிப்பீடு எந்தத் தேதிக்குச் செய்தது, பற்றாக்குறை எவ்வளவு, 1,500-க்குக் கீழே வாங்குபவர்கள் எத்தனை பேர், மாநில வாரியாகச் சொல் என்று கேட்கச் சொல்லுங்கள். எண் வாங்கினால் அது நாளைக்கு உதவும்.

கூட்டல்_கழித்தல்

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி ஒரு சங்கதியை நான் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் கையில் இருந்து பிடித்த 12 சதவீதத்தில் ஒரு பைசாவும் பென்ஷன் கணக்குக்குப் போகவில்லை, அது முழுக்க பி.எஃப்.தான். பென்ஷனுக்குப் போனது முதலாளி பங்கில் 8.33. 7,700-க்கு அது 641 ரூபாய். பன்னிரண்டு வருஷமும் அதே சம்பளம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 92,000 சொச்சம், அரசின் 1.16-உம் வட்டியும் அதற்கு மேலே. அம்மா வருஷத்துக்கு வாங்குவது 15,840. ஆறே வருஷத்தில் அந்த அசல் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே சூத்திரம் ஏமாற்றுகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். பென்ஷன் முதல் மாதம் எவ்வளவோ அதுவேதான் சாகும்வரை, டிஏ (அகவிலைப்படி) கிடையாது. விலைவாசி ஏறினால் அது பென்ஷன்காரரின் தலையெழுத்து. இந்தத் திட்டத்துக்கு இடம் கொடுத்த சட்டத்தை எழுதிய அதே பார்லிமெண்ட் தனக்கு என்ன செய்துகொண்டது தெரியுமா? 2018 நிதிச் சட்டத்தில் எம்பிக்களின் சம்பளம், பென்ஷன் இரண்டையும் பணவீக்கக் குறியீட்டோடு கட்டிவிட்டார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தானாக ஏறும். 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, முன்னாள் எம்பியின் பென்ஷன் 25,000-இல் இருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் 1-இல் இருந்து கணக்கிட்டு. விலைவாசியைக் கணக்கில் எடுக்கத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது பாருங்கள்.

ஊசிமுனை

கூட்டல் சார் ஆறு வருஷத்தில் அசல் வந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிட்டார், அந்த 12 வருஷத்தில் போன இடுப்பு எந்தக் கணக்கில் வருகிறது?

தம்பி, பீன்யாவில் இருந்த உங்கள் அம்மா 2016 ஏப்ரலைப் பற்றி உங்களிடம் சொல்லவே இல்லையா? அந்த வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரு விதி போட்டார்கள், முதலாளி கட்டிய பி.எஃப். பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று. எந்த சபையிலும் யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி காலையில் ஓசூர் ரோட்டில் பெண்கள் வேலையை விட்டு இறங்கினார்கள், தலைவர் இல்லை, கொடி இல்லை, பாதி சங்கங்களுக்கே விஷயம் பிறகுதான் தெரியும். மறுநாள் தும்கூர் ரோட்டிலும் இறங்கினோம். தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த வண்டிகள், எல்லாம் பார்த்தோம். 19-ஆம் தேதியே அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா விதியைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார். இரண்டு நாள். நட்சத்திரக் கேள்வி எத்தனை வருஷம்?

ஆனால் ஒன்றை நானும் ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் அன்று கேட்டது எங்கள் பணம் எங்கள் கைக்கு என்று. வாடகைக்கும் ஃபீஸுக்கும் வேறு வழி இல்லாதவள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் ஃபேக்டரி மாறும்போதெல்லாம் பி.எஃப்.போடு பென்ஷன் பணத்தையும் 10சி ஃபாரத்தில் எடுத்துவிட்டு, பத்து வருஷ சர்வீஸ் சேராமல் பென்ஷனே இல்லாமல் போன பெண்கள் என் லைனிலேயே எத்தனையோ பேர். ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால் பழைய சர்வீஸ் கூடவே வரும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் அம்மாவுக்கும் அந்த எட்டு வருஷம் அப்படித்தான் போயிருக்கிறது.

பழைய_ஃபைல்

ஊசிமுனை அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் இறங்கினால் ஒரு விதியைத் தடுக்கலாம். புதிதாகப் பணம் ஒதுக்க வைக்க வேறு வேலையும் வேண்டியிருக்கிறது, அது மெதுவாகத்தான் நடக்கும்.

இதே இபிஎஸ்ஸில் ஒரு தடவை நடந்தது. ராஜ்யசபாவில் மனுக்கள் கமிட்டி என்று ஒன்று உண்டு. குடிமக்கள் யாரும் மனு எழுதலாம், ஒரு உறுப்பினர் மேலொப்பம் போட வேண்டும், அவ்வளவுதான். பென்ஷன் திட்டத்தைத் திருத்து என்று அப்படிப் போன ஒரு மனுவை பகத் சிங் கோஷியாரி தலைமையில் இருந்த கமிட்டி விசாரித்து 2013 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. குறைந்தபட்சம் 3,000 கொடு, அரசின் பங்கு 1.16 போதாது, 8.33 ஆக்கு என்று எழுதினார்கள். 2014 செப்டம்பர் 1-இல் இருந்து 1,000 வந்தது. கேட்டது மூவாயிரம், கிடைத்தது ஆயிரம். அந்த ஆயிரம் பத்து வருஷம் தாண்டியும் அங்கேயே நிற்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். கோஷியாரியின் கட்சி அப்போது எதிர்க்கட்சி, அடுத்த வருஷமே ஆளுங்கட்சி ஆனது, மீதி இரண்டாயிரம் வரவில்லை.

பிறகு 2022 மார்ச்சில் தொழிலாளர் நிலைக்குழுவும் இந்த 1,000 போதவே போதாது என்று எழுதியது. நிலைக்குழு என்றால் லோக்சபாவில் இருந்து 21, ராஜ்யசபாவில் இருந்து 10 பேர், மூடிய அறை, டிவி கிடையாது, அதனாலேயே அங்கே கொஞ்சம் உருப்படியாகப் பேசுவார்கள். எங்கள் செயலர்கள் சபையை விட அந்த அறைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள், அங்கே பழைய பதிலைத் தேதி மாற்றிப் படிக்க முடியாது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மூன்று மாதத்தில் என்ன செய்தாய் என்று பதில் தர வேண்டும். அந்த நடவடிக்கை அறிக்கையில் நாலாவது அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள், அரசின் பதிலைக் கமிட்டி ஏற்காதவை எல்லாம் அங்கேதான் இருக்கும். சண்டை எங்கே என்று அதில் தெரிந்துவிடும்.

சபையில் துறை வாரியாக மானியக் கோரிக்கை, அதாவது பட்ஜெட் ஒதுக்கீடு பற்றிய விவாதம் நடக்கும் என்று நம்ப வேண்டாம். நாலைந்து துறைகளைப் பேசிவிட்டு கடைசி நாளில் மீதியை எல்லாம் கில்லட்டின் போட்டு ஒரே வாக்கெடுப்பில் முடித்துவிடுவார்கள். தொழிலாளர் துறை பெரும்பாலும் அந்த மீதியில் போய்விடும்.

இந்த லோக்சபாவில் தொழிலாளர் நிலைக்குழுவின் தலைவர் பசவராஜ் பொம்மை, ஹாவேரி எம்பி, நம் மாநிலத்து முன்னாள் முதல்வர். கமிட்டித் தலைவர் என்று அவருக்கே எழுதுங்கள், அவருக்குக் கன்னடத்திலேயே எழுதலாம். அம்மாவின் கணக்கை நீங்கள் இங்கே போட்ட மாதிரியே, 7,700 பெருக்கல் 12 வகுத்தல் 70 என்று போட்டு, பால் விலையையும் போடுங்கள்.

கூட்டல்_கழித்தல்

குறைந்தபட்சத்தை உயர்த்து என்று மட்டும் எழுதினால் அம்மாவுக்குப் பெரிதாகப் பயன் இருக்காது என்பதையும் பாருங்கள். 1,000-ஐ 1,300 ஆக்கினாலும் அவர் அதற்கு மேலே இருக்கிறார். பென்ஷன்காரர் சங்கங்கள் 7,500-உம் டிஏவும் கேட்கின்றன. அதில் டிஏவை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு 7,500 கொடுத்துவிட்டு அதையும் பத்து வருஷம் அப்படியே நிறுத்தி வைக்கலாம்.

தாசரஹள்ளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஊசிமுனை அக்கா, நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். ஜாலஹள்ளி கிராஸில் நின்றாராம். ஓடும்போது ஒரு செருப்பு போய்விட்டது, இன்னொன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலில் வீடு வரை நடந்து வந்ததாகச் சொன்னார். எனக்கு அப்போது பரீட்சை, அதனால் சொல்லவில்லையாம்.

கமிட்டித் தலைவருக்குக் கன்னடத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன், என் கன்னடம் பேச்சுக்குத்தான் லாயக்கு, எழுத்தில் தடுமாறுகிறது. அல்சூர் அத்தை, உங்கள் பெண் கன்னட டீச்சர் என்று முன்பு ஒரு தடவை சொன்னீர்களே, ஒரு பக்கம்தான், பார்த்துக் கொடுப்பாரா?

அல்சூர்_அத்தை

அனுப்புப்பா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பாள். என் வீட்டுக்காரர் பென்ஷன் 1,870, அதையும் சேர்த்து எழுதலாமா?