ராமநாதபுரம் பட்டணம்காத்தான் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

போன மாதம்தான் இங்கே குடிவந்தோம். சின்னப் பிள்ளைகள் இரண்டு, முழங்கால் வலியோடு மாமியார். தனுஷ்கோடி வெயில் தாங்காது. வேறு எங்கே போகலாம், மதியம் எங்கே சாப்பிடலாம்?

உச்சிப்புளிக்காரன்:
அரியமான் கடற்கரைக்குப் போங்க. பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் அலை அதிகம் இருக்காது, சவுக்கு நிழலில் பாயை விரித்து அம்மாவை உட்கார வைத்துவிடலாம். சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போய்விடுங்க, புளியோதரையும் நெத்திலி வறுவலும் போதும்.

தொண்டி ரோடு:
என்னைக் கேட்டால் காரங்காடு. வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம், மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்களே மீன், நண்டு சமைத்துத் தருகிறார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். படகில் ஏறி இறங்க அம்மாவுக்குச் சிரமம்தான், யோசித்துக்கொள்ளுங்க.

கீழக்கரை மச்சான்:
அதெல்லாம் சரி, பிரியாணிக்கு எங்க ஊர்ப் பக்கம் வராமல் என்ன ஞாயிற்றுக்கிழமை? திரும்பும்போது தொதல் என்கிற இனிப்பு வாங்குங்க. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது, கையில் எண்ணெய் ஒட்டணும், அதுதான் பதம்.

கேட்டவர்:
அப்போ இந்த வாரம் அரியமான். தொதல் வீட்டுக்கு வந்தால் மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதே மறந்துவிடும்!