பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு நீங்கள் போனதுண்டா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு, ஹெரிஃபோர்டுஷயரிலிருந்து

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் தங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலோடு, அதாவது கிராம அளவிலான உள்ளாட்சி மன்றத்தோடு, பழகிய அனுபவங்களை எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செவிலியர். வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக நகரத்தை விட்டுத் தள்ளி, ஓர் இறக்கமான ஒற்றைப் பாதையின் அடிவாரத்தில் வீடு பிடித்தோம். கோடையில் பார்த்தபோது ஓவியம் போலிருந்த அந்தப் பாதை, அக்டோபர் மாதத்துப் பெருமழையில் தன் உண்மையான குணத்தைக் காட்டியது. மேட்டு வயல்களின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த வெள்ளம் பாதையையே ஓடையாக்கி, எங்கள் வாசற்படியில் வந்து நின்றது. இரவுப் பணி முடிந்து திரும்பிய நான் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சாலையோர வடிகால் வாயில் மண்ணும் வேலிச் செடியின் வெட்டுக்கழிவும் அடைத்திருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. தொலைபேசியில் கேட்டால் இணையத்தில் பதியச் சொன்னார்கள்; இணையத்தில் பதிந்தால் ஓர் எண் வந்தது, ஆள் வரவில்லை.

பக்கத்து வீட்டு மூதாட்டிதான், “செவ்வாய்க்கிழமை ஊர் மண்டபத்துக்கு வந்து சொல், அதுதான் வழி” என்றார். அஞ்சல் பெட்டிக்கு அருகில் இருந்த கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையை அதுவரை நான் நின்று படித்ததே இல்லை. காணாமற்போன பூனையின் படத்துக்கும் யோகா வகுப்பு விளம்பரத்துக்கும் இடையில், துருப்பிடித்த ஊசிகளால் குத்தப்பட்டு நிகழ்ச்சி நிரல் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு மூன்று முழு நாட்கள் முன்னதாக அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சொல்வதை எல்லாம் பிறகுதான் அறிந்தேன்.

மண்டபத்தில் ஏழு உறுப்பினர்கள், கிளார்க் எனப்படும் செயலர் ஒருவர், பொதுமக்கள் என்ற பெயரில் நானும் நாய்க்கழிவைப் பற்றி முறையிட வந்த ஒரு பெரியவரும் இருந்தோம். வெப்பமூட்டி அப்போதுதான் போடப்பட்டிருந்ததால் அனைவரும் மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருந்தார்கள். எனக்கு மூன்று நிமிடம் தரப்பட்டது. நான் எழுதிக்கொண்டு போனதோ இரண்டு பக்கம். பதற்றத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்து உட்கார்ந்துவிட்டேன். தலைவர் “நன்றி” என்றார், கிளார்க் குறித்துக்கொண்டார், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி அன்றைக்கே முடிவெடுக்கக் கவுன்சிலுக்குச் சட்டப்படி இடமில்லை என்பதும், கூட்டத்துக்கு வரும் உரிமைதான் நமக்குச் சட்டம் தந்தது, பேசுவதற்கு அவர்கள் தரும் நேரம் அவர்களுடைய நடைமுறை விதியின் சலுகை என்பதும் தெரிந்திருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

அடுத்த மாத நிரலில் ஏழாவது பொருளாக எங்கள் பாதையின் பெயர் இருந்தது. அன்றுதான் யார் கையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. சாலையும் அதன் வடிகால் வாயும் நெடுஞ்சாலைப் பொறுப்பு வகிக்கும் மேல்நிலைக் கவுன்சிலுடையவை. ஓரத்து வாய்க்காலைத் தூர்வாரும் கடமை பெரும்பாலும் அதை ஒட்டிய நிலத்துக்காரருடையது. பாரிஷ் கவுன்சிலுக்கு இரண்டின் மீதும் அதிகாரம் இல்லை. ஆனால் அவர்களிடம் லெங்த்ஸ்மேன் ஒருவர் இருந்தார். ஊர்ப் பாதைகளில் சில்லறை வேலைகளைச் செய்ய மணிக்கணக்கில் கூலிக்கு அமர்த்தப்படுபவர். இரண்டு வாரத்தில் அவர் மண்வெட்டியோடும் நீண்ட குச்சிகளோடும் வந்து, இரும்பு மூடியை நெம்பித் திறந்து, முள்வேலிக் கழிவையும் ஒரு பழைய டென்னிஸ் பந்தையும் இழுத்து எடுத்தார். பந்தைக் கழுவி எங்கள் மதில் மீது வைத்துவிட்டுப் போனார். இன்னும் அங்கேயே இருக்கிறது.

நார்ஃபோக்கிலிருந்து

ஹெரிஃபோர்டு சகோதரியின் பதிவைப் படித்ததும் எங்கள் ஊர்த் தொலைபேசிக் கூண்டு நினைவுக்கு வந்தது. நான் முதியோர் பராமரிப்புப் பணிக்கான விசாவில் வந்தவன். வந்த முதல் ஆண்டில் வாக்காளர் பதிவுப் படிவம் வந்தபோது, தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணி எடுத்து வைத்துவிட்டேன். பணியிடத்து மேலாளர்தான், காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் தங்கியிருந்தால் இங்கே வாக்களிக்கலாம் என்று விளக்கினார். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலேய கிராமம் ஒன்றின் உள்ளாட்சிக்கு வாக்களித்த அந்த நாளை நான் மறக்க மாட்டேன், போட்டியிட்டவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது என்றபோதிலும்.

பயன்படாமற்போன சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை பிடி (BT) தொலைபேசி நிறுவனம் ஒரு பவுண்டு விலைக்கு ஊர்களுக்குக் கொடுத்துவிடும் திட்டம் ஒன்று உண்டு. 1935இல் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த கே6 வகைக் கூண்டு எங்கள் ஊர்ப் பசும்புல்வெளியின் ஓரத்தில் கண்ணாடி உடைந்து நின்றது. அதை வாங்கி, இதயம் நின்றுபோனவர்களுக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை உள்ளே வைக்கலாம் என்பது தீர்மானம். ஒரு பவுண்டு விஷயம், ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன். கூட்டம் ஒன்பதரை வரை நீண்டது. வாங்குவதற்கு ஒரு பவுண்டு, வைத்துக் காப்பதற்கு எத்தனை பவுண்டு என்பதுதான் கேள்வி. கருவியின் மின்கலமும் நெஞ்சில் ஒட்டும் பட்டைகளும் காலாவதியாகும்போது யார் மாற்றுவது, வாராவாரம் விளக்கு எரிகிறதா என்று யார் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது யார்? இதில் பெயின்டுக்கு மட்டும் இருபது நிமிடம். கூண்டுக்குரிய சிவப்புக்கு ‘கரன்ட் ரெட்’ (currant red, ஒரு சிறுபழத்தின் சிவப்பு) என்று பெயர், அதற்குத் தர எண் கூட உண்டு. கடையில் கிடைக்கும் எந்தச் சிவப்பையும் அடித்துவிட முடியாது என்று ஓர் உறுப்பினர் பிடிவாதமாக நின்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தக் கூண்டைக் கடக்கும்போது அவர் சொன்னது சரிதான் என்றே தோன்றுகிறது.

வாராந்தரச் சோதனைக்கு ஆள் தேவை என்றபோது நான் கை தூக்கினேன். மூன்று ஆண்டுகளாக ஞாயிறு காலையில் கதவைத் திறந்து பச்சை விளக்கைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன். ஊரில் பலருக்கு என் பெயர் வாயில் நுழையாது, ஆனால் ‘கூண்டுக்காரர்’ என்றால் அனைவருக்கும் தெரியும்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலிருந்து

என் அனுபவம் இவ்வளவு இனிமையானதல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் நாற்பது வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தது. வழக்கமாக நான்கு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கூச்சல் அடங்கியதும் தலைவர் சொன்ன முதல் வாக்கியமே அனைவரையும் மேலும் கொதிக்கவைத்தது: “நாங்கள் முடிவெடுப்பவர்கள் அல்லர்.” கட்டட அனுமதியை வழங்குவது மாவட்டக் கவுன்சில். பாரிஷ் கவுன்சில் தன் கருத்தை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான்.

நானும் ஆட்சேபம் எழுதியிருந்தேன். சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைந்துவிடும் என்றும் வீட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்றும் உருக்கமாக ஒரு பக்கம். கிளார்க் அதைப் படித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, இந்த இரண்டுமே திட்டமிடல் சட்டத்தில் கணக்கில் எடுக்கப்படாதவை என்றார். போக்குவரத்து நெரிசல், வடிகால், பள்ளியில் இடம், அண்டை வீட்டின் தனிமைக்கும் வெளிச்சத்துக்கும் வரும் பாதிப்பு, கட்டடத்தின் வடிவம் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் அதிகாரி படித்தே ஆகவேண்டும் என்றார். திருத்தி எழுதினேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கு முன் நிற்கும் வாகனங்களை ஒரு வாரம் எண்ணிச் சேர்த்தேன். மாவட்டக் கவுன்சில் மறுத்தது. கட்டுமான நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. மத்திய அரசின் திட்டமிடல் ஆய்வாளர் அனுமதித்தார். இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன.

இதில் என்னை உறுத்துவது தோல்வியன்று. உள்கட்டமைப்புக்காகக் கட்டுமான நிறுவனத்திடம் மாவட்டம் வசூலிக்கும் தொகையில் பாரிஷுக்குச் சாதாரணமாக 15 விழுக்காடு வரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. எங்கே, எப்படிக் கட்டலாம் என்று வகுக்கும் அண்மைப்புறத் திட்டம் ஒன்றை ஊர் தனக்கென்று தயாரித்து வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் 25 விழுக்காடு கிடைத்திருக்கும். 2011ஆம் ஆண்டின் சட்டம் தந்த வாய்ப்பு அது. அந்தத் திட்டத்தை எழுத நான்கு ஆண்டுகளுக்கு முன் தன்னார்வலர்களைக் கேட்டபோது, அன்று மண்டபத்தில் கத்திய எவரும் வரவில்லை. நானும் போகவில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. என் முறை வந்து நான் எழுந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், “நீங்களே நேற்று வந்தவர்தானே” என்றார். தலைவர் அவரை உடனே கண்டித்தார். ஆனால் என் வீடு முன்னொரு காலத்தில் யாரோ ஒருவருடைய சன்னல் காட்சியை மறைத்துக் கட்டப்பட்டதுதான் என்ற உண்மை அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஷ்ராப்ஷயரிலிருந்து

நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள். நிரந்தரத் தங்குரிமை கிடைத்த பிறகு, காலியான ஓரிடத்துக்கு என்னை நியமித்தார்கள். காலியிடம் அறிவிக்கப்பட்டதும் 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்த வேண்டும். எவரும் கேட்காவிட்டால் உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் எவரும் கேட்டதில்லை. சம்பளம் கிடையாது. வந்த புதிதில் சந்தித்தவர்களில் பாதிப் பேர், செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷில் 2020 டிசம்பரில் ஜூமில் நடந்து, சில வாரங்கள் கழித்து உலகமெங்கும் பரவிய அந்தச் சண்டைக் கூட்டத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். உண்மையில் எங்கள் கூட்டங்களில் ஆபத்து சண்டையன்று, தூக்கம்.

ஜனவரிக் கூட்டம் மட்டும் விதிவிலக்கு. அடுத்த ஆண்டுச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு மேல்நிலைக் கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். அவர்கள் அதைக் கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலித்துத் தருவார்கள். பிரிசெப்ட் என்பது இதுதான். புல் வெட்டும் ஒப்பந்தம், விளையாட்டுத் திடலுக்கான காப்பீடு, தெருவிளக்கின் மின்கட்டணம், கிளார்க்கின் வாரத்துக்கு எட்டு மணி நேர ஊதியம், இவற்றோடு கல்லறைத் தோட்டத்துச் சுவர். சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு பவுண்டு கூடும் என்றதும் அது அவ்வளவொன்றும் சாயவில்லை என்று இருவருக்குத் தோன்றிவிட்டது.

செய்தி பரவும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளாட்சிக் கூட்டங்களில் பத்திரிகையாளரும் மக்களும் அமரும் உரிமையை உறுதிசெய்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், அப்போது புதிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. இன்று எங்கள் மண்டபத்தில் உரிமை இருக்கிறது, நிருபர்தான் இல்லை. வாரப் பத்திரிகை ஆள் அனுப்புவதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. எனவே ஊருக்குச் செய்தி சொல்வது தேவாலய மாத இதழின் ஒரு பத்தியும் முகநூல் குழுவும்தான். சென்ற ஆண்டு விளையாட்டுத் திடலைச் சோதித்த ஆய்வாளர் ஊஞ்சலின் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று எழுதியதால் அதைக் கழற்றினோம். மறுநாள் மாலைக்குள் திடலையே விற்கப்போகிறோம் என்று குழுவில் எழுதப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வருந்தியிருந்தார்கள். கூட்டக் குறிப்பின் இணைப்பை நான் போட்டேன். அதைத் திறந்து படித்ததாகச் சொன்னவர் ஒருவர், அவரும் எங்கள் கிளார்க்கின் கணவர்.

டோர்செட்டிலிருந்து

சுருக்கமாக ஒன்று. கூட்டக் குறிப்பையும் நம்பாதவர்களுக்கு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள், ஜூலை மாதத்தின் முதல் பத்து வேலை நாட்களும் அதற்குள் அடங்கும்படி, கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் பார்க்க அனுமதிக்க வேண்டும். எங்கள் கவுன்சில் ஏதோ மறைக்கிறது என்ற ஐயத்தில் நான் நேரம் கேட்டேன். அலுவலகம் என்று ஒன்று இல்லாததால், கிளார்க் தன் வீட்டு உணவு மேசையில் இரண்டு கோப்புகளை விரித்து வைத்துத் தேநீரும் கொடுத்தார். ஒரு மணி நேரம் புரட்டினேன். அகப்பட்டது, ஒரே பூட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்த கணக்கு. முதல் பூட்டின் சாவியைத் தொலைத்தவர் தானே என்று அவர் ஒப்புக்கொண்டார். நான் வீடு திரும்பும்போது வெட்கம் அவருக்கு இருந்ததைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

தொடக்கப் பதிவர், மீண்டும் ஹெரிஃபோர்டுஷயரிலிருந்து

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஷ்ராப்ஷயர் சகோதரர் ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்த்தேன். லெங்த்ஸ்மேனின் மணிநேரத்தைக் குறைப்பது பற்றி ஒரு பொருள் நிரலில் இருக்கிறது. அன்று எனக்கு இரவுப் பணி. தோழி ஒருத்தியிடம் மாற்றிக் கேட்டிருக்கிறேன். இந்த முறை அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்த்ததில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகிறது.