மின்கலத்துக்குத் தீ வைக்கும் மாணவர்களை என்ன செய்வது?

வணக்கம் ஆசிரியர்களே. பினாங்கு பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 11 பேருக்கு இணையத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

மின்சுற்றுப் பாடத்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' மெய்நிகர் சோதனையைத் திறந்துவிட்டேன். 2001இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் மறு ஆண்டே தொடங்கிய திட்டம், இலவசம். மின்கலம், கம்பி, பல்பு எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்து இணைக்கலாம். பல்பு இல்லாமல் வெறும் கம்பியை மின்கலத்தின் இரு முனையிலும் மாட்டினால் தீப்பற்றி எரியும். அவ்வளவுதான், தொடர் இணைப்பாவது பக்க இணைப்பாவது! ஒரு மணி நேரமும் தீ மூட்டுவதிலேயே போய்விட்டது. (குறுக்குச் சுற்று என்றால் என்னவென்று இனி யாரும் மறக்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.)

பெரும்பாலோர் அம்மாவின் கைப்பேசியில்தான் வகுப்புக்கு வருகிறார்கள். சோதனையைத் திறந்தால் என் முகம் மறைந்துவிடுகிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கும் தெரிவதில்லை. இப்படிப் பாடம் நடத்திப் பழகியவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முதலில் விளையாடவிட்டுப் பிறகு கேள்வி கேட்பதா, கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டுத் திறப்பதா? தமிழில் பயிற்சித்தாள் வைத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள். வியாழன் இரவு 8 மணிக்கு அடுத்த வகுப்பு.