பட்டறை இணையதளத்தில் வீடியோ: யூடியூபா, நம் சர்வரிலேயே வைப்பதா?

ஆச்சாமரம் எழுதியது:

வணக்கம். நரசிங்கம்பேட்டையில் என் மாமாவுக்கு நாதஸ்வரப் பட்டறை. அவருக்கு ஒரு தளம் செய்து கொடுக்கிறேன். கையில் இருப்பதெல்லாம் ஐபோனில் எடுத்த வீடியோக்கள். உலவு (நாதஸ்வரத்தின் நீண்ட மரக்குழல்) கடைசல் போடுவது, அணசு (அடியில் விரியும் புனல் போன்ற பாகம்) பொருத்துவது, அப்புறம் ஒவ்வொரு வாத்தியத்தையும் வித்வான் ஒருவர் வாசித்துக் காட்டுவது.

முகப்பில் மூன்று யூடியூப் வீடியோ பதித்தேன், போனில் பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகிறது. சரி, எம்ஓவி கோப்பையே சர்வரில் ஏற்றுவோம் என்று பார்த்தால், நண்பனின் லேப்டாப்பில் சத்தம் மட்டும் வருகிறது, படம் கருப்பு. ஹோஸ்டிங், ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்தான். மாமாவுக்கு ஒரே ஆசை: பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் கேட்க வேண்டும். வழி உண்டா?

வெட்டி ஒட்டுபவன் எழுதியது:

மாமாவின் ஆசையை முதலில் முடித்துவிடுவோம்: நடக்காது. 2018இல் குரோம் 66 வந்ததிலிருந்து, பார்ப்பவர் தொடாமல் சத்தத்தோடு எதுவும் தானாக ஓடாது. சஃபாரியிலும் அதே கதைதான். உங்கள் கணினியில் ஓடினாலும் நம்பாதீர்கள். ஒரு தளத்தில் அடிக்கடி வீடியோ பார்ப்பவருக்கு மட்டும் குரோம் சலுகை தரும். மல்லாடாதீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து திறப்பவர் பாவம், நாதஸ்வரம் வேறு!

கருப்புப் படத்துக்குக் காரணம் ஹெச்ஈவிசி என்ற வீடியோ சுருக்க முறை. ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் 7-உம் அதற்குப் பின் வந்தவையும், அமைப்பை மாற்றாவிட்டால், அந்த முறையில்தான் பதிகின்றன, எல்லா பிரவுசரும் அதைக் காட்டாது. வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக் இலவசம். அதில் ஹெச்.264, எம்பி4, 720 என்று வைத்து மாற்றுங்கள். 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். கோப்பின் அட்டவணை பின்பகுதியில் இருந்தால் பிரவுசர் அதைத் தேடிப் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும். டிக் செய்தால் அது முன்னால் வந்துவிடும், தட்டியதும் ஓடும்.

இப்போது எதை எங்கே வைப்பது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்கப் பார்ப்பதில்தான் சிக்கல். கடைசல் காட்சிக்குச் சத்தம் தேவையில்லை. சீவல் சுருண்டு விழும் பத்து விநாடியை வெட்டி, சத்தத்தை நீக்கி, உங்கள் சர்வரிலேயே போடுங்கள். வீடியோ டேகில் ஆட்டோபிளே, மியூட்டட், லூப், பிளேஸ்இன்லைன் நான்கும் வேண்டும். கடைசியதை விட்டால் ஐபோனில் அது முழுத்திரைக்குத் தாவப் பார்க்கும். விநாடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வைத்தாலும் இரண்டரை எம்பிதான்.

வாசித்துக் காட்டும் நீள வீடியோக்கள் யூடியூபுக்கே போகட்டும். அதே 2 எம்பிபிஎஸ்ஸில் நான்கு நிமிடம் 60 எம்பி. நூறு பேர் பார்த்தால் 6 ஜிபி, ஷேர்டு ஹோஸ்டிங் திணறும். யூடியூப் என்றால் பார்ப்பவரின் நெட் வேகத்துக்கு ஏற்பத் தரத்தை ஏற்றி இறக்கும். ஆனால் பிளேயரை நேரே பதிக்காதீர்கள். ஒரு படமும் மேலே பிளே பொத்தானும் மட்டும் வையுங்கள், தட்டிய பிறகு பிளேயர் வரட்டும். பால் ஐரிஷ் எழுதிய 'லைட் யூடியூப் எம்பெட்' என்ற சிறு நிரல் இதற்கென்றே இருக்கிறது. உங்கள் பக்கம் இழுப்பது வீடியோவால் அல்ல, மூன்று பிளேயரின் ஸ்கிரிப்டும் மொத்தமாக இறங்குவதால்.

திமிரி எழுதியது:

நான் நாதஸ்வரம் வாங்குபவர்கள் பக்கத்து ஆள். வெட்டி ஒட்டுபவன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வாத்தியம் தேடுகிறவனுக்கு வீடியோவே இரண்டாம் பட்சம், நாதம்தான் முக்கியம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நிமிட ஆடியோ தனியாகப் போடுங்கள். 160 கேபிபிஎஸ்ஸில் 1.2 எம்பிதான், அதை உங்கள் சர்வரே தாங்கும். பாரியா (நீளமானது, தாழ்ந்த சுருதி) திமிரியா (குட்டையானது, உயர்ந்த சுருதி), எத்தனை கட்டை (சுருதி அளவு) என்பதைப் பக்கத்தில் எழுத்தில் போடுங்கள். பல தளங்களில் வீடியோ முழுக்கப் பார்த்தும் கட்டை தெரியாமல் போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, போனை அணசுக்கு எதிரே பிடித்துப் பதியாதீர்கள். மேல் ஸ்தாயியில் பிளந்துபோய், நல்ல வாத்தியமும் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்கும். பத்தடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள்.

ஆச்சாமரம் எழுதியது:

திமிரி அண்ணா, ஆடியோ யோசனையை மாமாவிடம் சொன்னேன், உடனே சரி என்றுவிட்டார். யூடியூப் வீடியோ முடிந்ததும் வேறு பட்டறைக்காரர் வீடியோ வந்து நிற்குமே, அதை நிறுத்த முடியுமா? பாதி வீடியோ நெட்டுக்குத்தாக வேறு எடுத்திருக்கிறோம்.

வெட்டி ஒட்டுபவன் எழுதியது:

முழுக்க நிறுத்த முடியாது. பதிக்கும் வீடியோ முகவரியின் கடைசியில் 'ரெல்' மதிப்பைப் பூஜ்யமாக வைத்தால், முடிவில் உங்கள் சேனல் வீடியோக்களே வரும். 2018 செப்டம்பருக்குப் பிறகு அவ்வளவுதான் அனுமதி. எனவே எல்லா வீடியோவையும் ஒரே சேனலில் ஏற்றுங்கள். நெட்டுக்குத்து போனில் அழகு. கணினியில் அகலத்தை 360 பிக்சலுக்குள் நிறுத்தி, பக்கத்தில் திமிரி கேட்ட கட்டை விவரத்தைப் போடுங்கள், காலி இடமும் நிரம்பும்.

வித்வான் வாசிக்கிறதை மட்டும் முடிந்தால் படுக்கைவாக்கில் மறுபடி எடுங்கள். நெட்டுக்குத்தில் உலவு முழுசாகத் தெரிந்தால் விரல் தெரியவில்லை, விரல் தெரிந்தால் அணசு வெட்டுப்படுகிறது.