கோதுமையும் பெரியப்பாவின் வயற்காவலும்

குழு: குடும்ப வாசிப்பு வட்டம்

கல்லாற்றுத் தங்கச்சி: சேப்பியன்ஸை நேற்றிரவு ஒருவாறு முடித்துவிட்டேன். யுவால் நோவா ஹராரி 2011இல் ஹீப்ரூ மொழியில் வெளியிட்ட மனித இன வரலாற்று நூல். நான் வாசித்தது நாகலட்சுமி சண்முகத்தின் தமிழாக்கம். நெருப்பு, மொழி, பணம் என்று எவ்வளவோ இருந்தும் மனதில் நிற்பது வேளாண்மைப் பகுதிதான். மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைக் கல் பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் காவல் கிடக்கவும் பழக்கித் தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டது என்கிறார். மத்திய கிழக்கின் வெறும் காட்டுப் புல் இன்று 22.5 லட்சம் சதுர கிலோமீற்றரில் விளைகிறதாம். பெரியப்பா, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?

கொக்கட்டிச்சோலைப் பெரியப்பா: மகள், அந்தப் பகுதியை நான் வயல் வாடியில் யானைக் காவலிருந்த இரவில்தான் வாசித்தேன். இரண்டு தடவை எழுந்துபோய் வெடி கொளுத்திவிட்டு வந்து, ரோர்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்தால், கோதுமைக்கு மனிதன் காவற்காரன் என்று எழுதியிருக்கிறது. நெல்லுக்கும் அதே கதைதான் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். புத்தகம் மருமகனுடையது, அவர் மன்னிக்க வேண்டும். முள்ளந்தண்டு வட்டு விலகுவதும் மூட்டுவாதமும் வேளாண்மையோடு வந்தவை என்பதற்குப் பழைய எலும்புக்கூடுகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். என்னுடைய எக்ஸ்றேயையும் அனுப்பிவைக்கலாம்.

மருமகன்: பென்சில்தானே மாமா, பரவாயில்லை.

ரீச்சர் அக்கா: வேளாண்மையை வரலாற்றின் மிகப் பெரிய மோசடி என்று அவர் சொல்வது வாசிக்கச் சுவையாக இருந்தாலும், அலைந்து திரிந்த வேடன் ஒரு பக்கம், வயலோடு கட்டுண்ட விவசாயி மறுபக்கம் என்று கோடு கீறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் சி. ஸ்கொட் 2017இல் வெளியிட்ட 'அகெய்ன்ஸ்ட் த கிரெய்ன்' நூலில், தென் மெசொப்பொத்தேமியாவின், அதாவது இன்றைய தென் ஈராக்கின், சதுப்பு நிலங்களில் மீனும் பறவையும் ஆமையும் உண்டு, அரசுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் ஓரிடத்தில் குடியிருந்ததை விளக்குகிறார். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த நமக்கு இது புதினமில்லை. அப்பப்பா விடியற்காலையில் தோணியில் போய் இறால் கொண்டுவருவார், மாரிகாலப் பெரும்போகத்தில் நெல் விதைப்பார், தேனுக்குக் காட்டுக்கும் போவார். அவரை வேடன் என்பதா, மீனவன் என்பதா, நிலபுலம் நிறைந்த போடியார் என்பதா?

கல்லாற்றுத் தங்கச்சி: மீன்பிடிக் கிராமங்களைப் பற்றி ஹராரியும் சொல்லுகிறார் அக்கா, ஆனால் விரைவாகக் கடந்துவிடுகிறார்.

கொக்கட்டிச்சோலைப் பெரியப்பா: போடியார் என்றால் அப்பா சிரித்திருப்பார். இருந்தது இரண்டு ஏக்கர்.

ரீச்சர் அக்கா: ஸ்கொட்டின் உண்மையான வலு வரியைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் இருக்கிறது. நெல், கோதுமை, பார்லி எல்லாம் நிலத்துக்கு மேலே, எல்லார் கண்ணுக்கும் தெரிய, ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றுவதால், வரி அறவிடுபவன் அந்த நாட்களில் வந்து நின்றாலே போதும். மரவள்ளியோ மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அதைப் பறிக்க வருபவன் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவேதான் பழைய அரசுகள் தானியத்தின் மேல் எழுந்தன, மரவள்ளியின் மேல் எழவில்லை என்கிறார்.

கொக்கட்டிச்சோலைப் பெரியப்பா: வரிகாரன் மட்டுமா மகள்? சூடு அடித்து நெல்லைப் பிரிக்கிற அன்றைக்கே கடன்காரரும் வியாபாரியும் களத்துக்கு வந்துவிடுகிறார்கள். போன பெரும்போகத்தில் ஈரம் கூட என்று சொல்லி, மூடைக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் ஒருவர் நிறுத்தார். மழை இருட்டிக்கொண்டு நின்றதால் நானும் வாய் திறக்கவில்லை. உங்கள் பெரியம்மா வளவுக்குள் நட்ட மரவள்ளியை இன்றுவரை எவரும் வந்து கேட்டதில்லை. அந்த நூல் தமிழில் வேண்டும்.

ரீச்சர் அக்கா: என்னிடம் ஆங்கிலப் பிரதிதான் இருக்கிறது, பெரியப்பா. அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக் குரற்பதிவாக இங்கே போடுகிறேன். காவல் நேரத்தில் கேட்கலாம்.

கொக்கட்டிச்சோலைப் பெரியப்பா: பொழுதுபட முன்னம் போட்டுவிடு மகள். வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது.