விகிதாச்சாரத் தேர்தல் முறையை எளிதாக விளக்க உதவி வேண்டும்

வணக்கம் தோழர்களே. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம், அதாவது ஒரு கட்சி வாங்கும் வாக்குகளின் அளவுக்கேற்ப அதற்கு இடங்கள் கிடைக்கும் முறை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறோம். அடுத்த கூட்டம் எங்கள் ஊர் நூலகத்தில்.

2014 மக்களவைத் தேர்தலில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்குகளோடு 39 இடங்களில் 37ஐப் பிடித்தது. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. நமக்குப் பிடித்த கட்சியோ இல்லையோ, அத்தனை பேர் போட்ட ஓட்டு எங்கே போனது என்று கேட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சிக்கல் அதற்கப்புறம், தொகுதிக்கு ஒருவர் என்றில்லாமல் வாக்கு அளவுப்படி கட்சிகளுக்கு இடங்களைப் பிரிப்பதைச் சொல்லும்போதுதான். "அப்போ எங்க ஊருக்கு எம்.பி. யாரு தம்பி?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

குழுவில் உள்ள இலங்கை நண்பர்களே, நீங்கள் கட்சிக்கு ஒரு வாக்கும், அதன் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் போடுகிறீர்கள். தேர்தல் மாவட்டம் முழுவதற்கும் பல உறுப்பினர்கள் இருக்கும்போது, உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு யாரைத் தேடிப் போவீர்கள்? நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம், வாக்குகள் இடங்களாக மாறுவதைப் புளியங்கொட்டை வைத்துச் செய்து காட்டலாம் என்று நினைக்கிறேன். அப்படி யாராவது செய்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். ஜெர்மனியின் இரண்டு வாக்கு முறையை (தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று) தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடிந்தவர்களும் கை கொடுங்கள், அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிறோம்.